வெள்ளியும் நாணயமும்

(பரிசளிப்பு விழாவில் ஆற்றிய உரை)



"அண்ணே, ஒரு வெள்ளிக்கு முறுக்கு குடுங்க" என்று கடையில் கேட்கிறோம். கையில் இருப்பதோ வெறும் நோட்டு. அதை ஏன் வெள்ளி என்கிறோம்?

முன்பு இந்த மண்ணில் புழங்கியவை ஸ்பெயின், மெக்சிகோ நாடுகளின் வெள்ளிக் காசுகள். தமிழர்கள் உலோகத்தைப் பார்த்து "வெள்ளி" என்றார்கள். மலாய்க்காரர்கள் அதன் பல் பல்லான ஓரத்தைப் பார்த்து "ரிங்கிட்" என்றார்கள். காசு ஒன்று, பெயர் இரண்டு!

பிறகு ஆங்கிலேயர் காலத்தில் நோட்டு வந்தது. 1906-இல் ஒரு வெள்ளிக்கு 2 ஷில்லிங் 4 பென்ஸ் என்று மதிப்பை நிலைநிறுத்தினார்கள். 1939-இல் மலாயா வெள்ளி வந்தது. 1941 டிசம்பரில் ஜப்பான்காரன் வந்தான். கூடவே அவன் நோட்டும் வந்தது. பத்து வெள்ளி நோட்டில் வாழைமரம் இருந்ததால் "வாழைமர நோட்டு" என்றே பெயராகிவிட்டது. வேண்டிய மட்டும் அச்சடித்துத் தள்ளினார்கள். பின்னால் வந்த நோட்டுகளில் வரிசை எண்கூடக் கிடையாது. நோட்டு பெருகப் பெருக, அரிசி விலை எட்டாத உயரத்துக்குப் போனது. 1945 செப்டம்பரில் ஆங்கிலேயர் திரும்பி வந்து, அந்த நோட்டு செல்லாது என்று அறிவித்துவிட்டார்கள்.

என் பாட்டியின் தகரப் பெட்டியில் அப்படி ஒரு கட்டு இருந்தது. பாட்டியின் அப்பா மரவள்ளி நட்டு, விற்றுச் சேர்த்த காசாம். அதை வகுப்பில் காட்டினேன். ஒரு மாணவி எழுந்து, "அப்போ அவர் பாடுபட்டதுக்குக் கூலி யார் சார் குடுத்தா?" என்று கேட்டாள். யாரும் கொடுக்கவில்லை, அம்மா. அதுதான் பதில்.

சுதந்திரம் அடைந்த பின், 1959 ஜனவரியில் நம் மத்திய வங்கி, பேங்க் நெகாரா, தொடங்கப்பட்டது. 1967 ஜூன் 12-இல் மலேசியா, சிங்கப்பூர், புருணை மூன்றும் தனித்தனி நோட்டு வெளியிட்டன. நம் நோட்டில் முதல் மாமன்னர் துவாங்கு அப்துல் ரஹ்மானின் படம் இடம்பெற்றது. இன்றும் அவரே இருக்கிறார். மூன்று நாட்டு வெள்ளியும் சரிக்குச் சரி மாறின. 1973 மே மாதத்தில் நாம் சிங்கப்பூரோடு அந்த ஏற்பாட்டை முடித்துக்கொண்டோம். சிங்கப்பூரும் புருணையும் மட்டும் இன்றுவரை தொடர்கின்றன. 1975-இல் ரிங்கிட் என்பதே சட்டப்படியான பெயராயிற்று. 1998 நெருக்கடியில் அமெரிக்க டாலருக்கு 3.80 ரிங்கிட் என்று கட்டி வைத்தார்கள். 2005 ஜூலையில் அவிழ்த்தார்கள்.

இதில் நமக்கு என்ன பாடம்? தமிழில் காசுக்கும் நாணயம் என்று பெயர். நேர்மைக்கும் நாணயம் என்றே பெயர். கொடுப்பவனிடம் நாணயம் இல்லாவிட்டால், அவன் கொடுக்கும் நாணயமும் செல்லாது. வாழைமர நோட்டு கற்றுத் தந்தது இதைத்தான்.

பெற்றோர்களே, ஒரு வேண்டுகோள். சம்பளச் சீட்டை மடித்துப் பையில் வைத்துவிடாதீர்கள். இரவில் பிள்ளையை உட்காரவைத்துப் படிக்கச் சொல்லுங்கள். எத்தனை நாள் வேலை, சேமநிதிக்கு எவ்வளவு, சொக்சோவுக்கு எவ்வளவு, கைக்கு வந்தது எவ்வளவு என்று அவன் கூட்டிச் சொல்லட்டும். பாடுபட்ட காசுக்குக் கணக்குக் கேட்கத் தெரிந்த பிள்ளையை இனி எவரும் ஏமாற்ற முடியாது. இன்று பரிசு வாங்கும் பிள்ளைகளும், அடுத்த ஆண்டு வாங்கப் போகும் பிள்ளைகளும் அப்படி வளர வேண்டும்.