வகுப்புச் சோர்வும் சாமானிய புத்தியும்

(ஆத்தூர்ச் சங்கக் கூட்டத்தில் மாணாக்கர் நிகழ்த்திய பிரசங்கம்)



வகுப்பில் உறங்கும் பிள்ளையைப் புத்தியற்றவன் என்று கடிந்து, படிப்பை நிறுத்தி வேலைக்கு அனுப்பும் வீடுகள் சில நம்மிடையே உண்டு. மாணாக்கராகிய நாம் இதுபற்றிச் சிறிது விண்ணப்பிக்க விரும்புகின்றோம்.

2023-ஆம் ஆண்டில் புவிசார் குறியீடு பெற்ற வெற்றிலை நம் ஆத்தூர் வெற்றிலை. கொடிக்காலுக்கு ஈரம் வேண்டும். நீர் தேங்கினாலோ வேர் அழுகும். பாட்டனார் ஏடு பாராமலே இதனையறிந்து நீரை வடியவிடுவார். உலகத்தார் சாமானிய புத்தி என்பது இதுவே. பேரனோ வேரும் சுவாசிக்கும் என்று பரீட்சைக்கு உருப்போடுகின்றான். தேங்கிய நீர் மண்ணிலுள்ள காற்றை விலக்குவதால் வேர் மூச்சுமுட்டித் தளர்கின்றது, நோயும் பற்றுகின்றது. இவ்விரண்டையும் இணைத்துக் காட்டுவார் இன்மையால், பாட்டனாரிடம் காரணமறியா அனுபவமும், பேரனிடம் அனுபவமறியாக் காரணமும் தனித்தனியே கிடக்கின்றன. சோர்வு அவ்விடத்தே பிறக்கின்றது.

இராமேசுவரத்தில் அப்துல் கலாம் அவர்கள் ஐந்தாம் வகுப்பிற் பயின்றபோது, பறவை பறக்கும் விதத்தைச் சிவசுப்பிரமணிய ஐயர் கரும்பலகையில் விளக்கினார். பிள்ளைகள் விளங்கவில்லை என்றனர். ஆசிரியர் சினவாது, கடற்கரைக்கு அழைத்துச் சென்று பறவைகளையே காட்டினார். தம் வாழ்வின் நோக்கம் அன்று பிறந்ததெனக் கலாம் அவர்கள் பிற்காலத்தில் பலகால் கூறியுள்ளார்.

சாமானிய புத்தி கண்டு பழகுவதால் வருவது. காரணமும் சேரின் அதுவே கல்வியாம். ஆதலின், பெரியோர்களே! பிள்ளையைப் பள்ளியினின்று நிறுத்துமுன், ஆணாயினும் பெண்ணாயினும், கொடிக்காலுக்கு அழைத்துச் சென்று, இவ்வாறு செய்வது ஏன் என்று கேளுங்கள். விடை தெரியாவிடின் அக்கேள்வியை ஆசிரியரிடம் அனுப்புங்கள். இதுவே எம் வேண்டுகோள்.