உட்கார்ந்தே செய்யலாம்

1954 ஜனவரி 30. வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியின் இளம் மருத்துவர்கள் சிலர் உல்லாசப் பயணம் போன வண்டி சாலையில் கவிழ்ந்தது. அதில் இருந்த மேரி வர்கீஸ் என்ற 28 வயதுப் பெண் மருத்துவருக்கு முதுகுத்தண்டில் அடிபட்டது. இடுப்புக்குக் கீழே அசைவும் உணர்வும் போய்விட்டன.

அவரைப் பற்றிப் பேசுகிறவர்கள் அவருடைய மன உறுதியைத்தான் முதலில் சொல்வார்கள். உறுதி இருந்தது உண்மைதான். எனக்கு அதைவிடப் பெரிதாகப் படுவது, அவரைச் சுற்றி இருந்தவர்கள் யோசித்த விதம். அதே மருத்துவமனையில் டாக்டர் பால் பிராண்ட், தொழுநோயால் மடங்கிப்போன விரல்களைத் தசைநாண் மாற்றி நிமிர்த்திக்கொண்டிருந்தார். கையில் செய்யும் அந்த அறுவை சிகிச்சையை மருத்துவர்கள் பெரும்பாலும் உட்கார்ந்துதான் செய்வார்கள். அப்படியென்றால் மேரியும் செய்யலாமே! சக்கர நாற்காலியில் இருந்தபடியே அவர் கத்தியைக் கையில் எடுத்தார். எத்தனையோ பேருடைய விரல்கள் மறுபடி வேலை செய்தன.

பிறகு நியூயார்க்கில் மறுவாழ்வு மருத்துவம் படித்துத் திரும்பி, வேலூரில் அந்தத் துறைக்கே தலைவரானார். 1966-இல் வேலூர் பாகாயத்தில் மறுவாழ்வு நிலையம் திறக்கப்பட்டது. 1972-இல் பத்மஸ்ரீ விருது வந்தது.

மாற்றுத்திறனாளிகளுக்கு இப்படி வழி செய்து தர அந்தக் காலத்தில் சட்டம் கிடையாது. இப்போது இருக்கிறது. 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், 21 வகைக் குறைபாடுகளைக் கணக்கில் எடுக்கிறது. அரசுக் கல்லூரியிலும் அரசு உதவி பெறும் கல்லூரியிலும், 40 விழுக்காடும் அதற்கு மேலும் குறைபாடு உள்ளவர்களுக்கு 5 விழுக்காட்டுக்குக் குறையாத இடம் ஒதுக்க வேண்டும். வயது வரம்பில் 5 ஆண்டு தளர்வு உண்டு. கட்டடம் அவர்கள் நுழையும்படி இருக்க வேண்டும். தேர்வில் சொல்வதை எழுதித் தர ஆள், கூடுதல் நேரம் எல்லாம் கொடுக்க வேண்டும். மத்திய அரசின் நெறிமுறைப்படி, அந்தக் கூடுதல் நேரம் மணிக்கு 20 நிமிடத்துக்குக் குறையக்கூடாது.

இவ்வளவு இருந்தும், உதவி கேட்கிற பிள்ளையைக் கருணை கேட்டு வந்தவரைப் போல நடத்தும் வழக்கம் போகவில்லை. எழுதும்போது கை இழுத்துக்கொள்ளும் நோயுள்ள விகாஷ் குமார் என்ற இளைஞர், குடிமைப் பணித் தேர்வுக்கு எழுத ஆள் கேட்டார். கொடுக்க முடியாது என்றார்கள். 2021 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம், 40 விழுக்காடு குறைபாடு என்ற அளவைக் காட்டி அவரைத் தடுக்கக்கூடாது என்று தீர்ப்பளித்தது. மருத்துவப் படிப்பில் சேர ‘இரு கைகளும் குறையின்றி இருக்க வேண்டும்’ என்று ஒரு விதி இருந்தது. அதற்குச் சட்டத்தில் இடமில்லை என்று 2025 பிப்ரவரியில் அதே நீதிமன்றம் சொன்னது. எது இல்லை என்று பார்க்காதே, எந்த உதவியோடு எதைச் செய்ய முடியும் என்று பார் என்பதுதான் இந்தத் தீர்ப்புகளின் சாரம். வேலூரில் அறுபது எழுபது ஆண்டுகளுக்கு முன்பே நடத்திக் காட்டிய விஷயம் இது.

ஊரிசு கல்லூரி, முத்துரங்கம் அரசு கலைக் கல்லூரி, ஆம்பூர் மஸ்ஹருல் உலூம், வாணியம்பாடி இஸ்லாமியா என்று நம் வேலூர்ப் பக்கம் பழைய, பெருமைக்குரிய கல்லூரிகள் பல. தோல் ஷாப்பிலும் ஷூ கம்பெனியிலும் உழைக்கிறவர்களின் பிள்ளைகள் இந்தப் பகுதிக் கல்லூரிகளில்தான் படிக்கிறார்கள். பலருக்கு வீட்டில் முதல் பட்டம் அதுதான். ஆம்பூரில் எல்லாக் காலுக்கும் ஒரே அச்சில் செருப்பு தைப்பதில்லை. தேர்வு மட்டும் ஏன் எல்லாருக்கும் ஒரே அச்சில் இருக்க வேண்டும்?

கல்லூரி முதல்வர்களே, முதலில் வாசற்படியைப் பாருங்கள். சாய்தளம் வைத்தால் ஓர் அடி உயரத்துக்குப் பன்னிரண்டு அடி நீளம் வேண்டும். செங்குத்தாகக் கட்டிவிட்டுக் கணக்குக் காட்டினால், சக்கர நாற்காலியில் வரும் மாணவியால் தனியாக ஏற முடியாது. லிஃப்ட் இல்லையா? அந்த மாணவியின் வகுப்பைத் தரைத்தளத்துக்கு மாற்றுங்கள். அதற்கு ஒரு பைசா செலவில்லை.

பெற்றோர்களே, மாணவர்களே, தேர்வு நெருங்கும்வரை காத்திருக்காதீர்கள். சேர்ந்த முதல் மாதத்திலேயே மாற்றுத்திறனாளிச் சான்றிதழோடும் தேசிய அடையாள அட்டையோடும், என்ன உதவி வேண்டும் என்று தெளிவாக எழுதிக் கல்லூரியில் கொடுங்கள். கொடுத்ததற்குக் கையெழுத்து வாங்கிக்கொள்ளுங்கள். பதில் வராவிட்டால் ஆட்சியர் அலுவலகத்தில் மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலரைப் பாருங்கள். அங்கேயும் நியாயம் கிடைக்காவிட்டால் சென்னையில் மாநில ஆணையர் இருக்கிறார். தயங்காமல் கேளுங்கள்.