யானைக்கால் நோய்: எதை எண்ணிப் பார்ப்பது?



மதிப்பிற்குரிய ஜமாஅத் பெரியோர்களே, சகோதரர்களே!

காவிரி நீரால் செழித்த நமது தஞ்சைத் தரணிக்கு, குறிப்பாகக் கும்பகோணம் வட்டாரத்திற்கு, யானைக்கால் நோயும் பழைய பழக்கம். பலர் எண்ணுவதுபோல் வயல் நீர் இதற்குக் காரணமன்று. தேங்கிய சாக்கடையிலும் மூடாத கழிவுநீர்த் தொட்டியிலும் பெருகும் க்யூலெக்ஸ் கொசுவே இதனைப் பரப்புகிறது.

2004ஆம் ஆண்டு முதல் நோயுள்ள மாவட்டங்களில் ஆண்டுக்கொருமுறை டி.இ.சி. மாத்திரையும், பின்னர் அத்துடன் அல்பெண்டசோலும் நாடெங்கும் வழங்கப்பட்டன. "இத்தனை ஆண்டு கொடுத்தும் வீங்கிய கால் வற்றவில்லையே" என்று நம் மஹல்லாவில் கேட்போர் உண்டு. நியாயமான கேள்விதான். அம்மருந்து இரத்தத்தில் உலவும் நுண்புழுக்களை அழிக்கும். சிதைந்துவிட்ட நிணநீர்க் குழாய்களைச் சீராக்காது. ஆகவே வீங்கிய கால்களை எண்ணித் திட்டத்தின் வெற்றியை அளக்க இயலாது.

பின் எவ்வாறு அளக்கிறார்கள்? நுண்புழுக்கள் இரவில்தான் மேலோட்ட இரத்தத்திற்கு வரும். எனவே பரிசோதகர்கள் இஷாவுக்குப் பிந்திய நேரத்தில் வீடு வீடாக வந்து விரல் நுனியில் இரத்தம் எடுப்பார்கள். நூறு பேரில் ஒருவருக்கும் குறைவாகவே புழு இருப்பின், அடுத்து 6, 7 வயதுப் பிள்ளைகளைச் சோதிப்பார்கள். மருந்து வழங்கத் தொடங்கிய பின் பிறந்த பிள்ளையிடம் தொற்று இருந்தால், நோய் இன்னும் பரவுகிறது என்று பொருள். புதுச்சேரி நோய்க்கடத்திக் கட்டுப்பாட்டு ஆய்வு மையத்தார் கொசுக்களைப் பிடித்து அவற்றினுள் புழுவின் மரபணுவையும் தேடியுள்ளனர்.

கணக்கில் ஓர் ஓட்டையும் உண்டு. வழங்கிய மாத்திரை வேறு, விழுங்கிய மாத்திரை வேறு. வெறும் வயிற்றில் உண்ணலாகாது என்பதால் "பிறகு பார்க்கலாம்" என்று அலமாரியில் வைத்தவை எத்தனையோ! அந்த வகையில் நாமும் குற்றவாளிகளே.

இவ்வளவு அளந்தும், ஏற்கெனவே பாதிக்கப்பட்டவரின் துன்பம் அக்கணக்கில் வருவதில்லை. ஆண்டுக்குச் சில முறை குளிர்காய்ச்சலுடன் கால் சிவந்து வீங்க, அவர் கூலியை இழந்து படுக்கிறார். விரைவீக்கம் உள்ள ஆண்களோ வெட்கத்தால் வெளியே சொல்வதில்லை. அதனை அறுவை சிகிச்சையால் சரிசெய்யலாம் என்பதை அவர்கள் அறிய வேண்டும்.

காய்ச்சல் வராமல் தடுக்க மருத்துவர்கள் கூறும் முறை எளிது: தினமும் சோப்பிட்டுக் காலைக் கழுவுதல், விரலிடுக்கை ஈரமின்றித் துடைத்தல், புண்ணுக்கு உடனே களிம்பிடுதல், உட்காரும்போது காலை உயர்த்தி வைத்தல். ஐவேளை ஒளுச் செய்யும் நமக்குக் கழுவும் பழக்கம் புதிதன்று. துடைக்கும் பழக்கம்தான் குறைவு.

எனவே நிர்வாகத்திற்கு எமது வேண்டுகோள் இரண்டு. ஹவுளுக்கு அருகில் உயரமான இருக்கையுடன் ஒரு குழாயும் சோப்பும் அமைத்துத் தர வேண்டும். துண்டை அவரவர் கொண்டுவரட்டும், பொதுத் துண்டு ஆகாது. மக்தப் பிள்ளைகளின் விரலில் இரத்தம் எடுக்க அலுவலர்கள் வரும் நாளில் பெற்றோர் மறுக்காதிருக்க, முந்தைய ஜும்ஆவிலேயே அறிவித்துவிட வேண்டும்.