வெற்றி உரிமையாகுமா?



ஒரு நாடு பிறர் நாட்டைப் பிடித்துத் தன் ஆட்சியை விரித்தல் நீதியாகுமா என்பதே நம்முன் உள்ள வினா. அவுஸ்திரேலியாவில் நடந்த ஒரு காணி வழக்கைக் கொண்டே இதனை ஆராய்வோம்.

1768இல் கப்டன் குக்கை அனுப்பிய பிரித்தானியக் கடற்படைத் தலைமை, அவ்விடத்து மக்களின் இசைவோடு நிலத்தைக் கைக்கொள்ளுமாறு பணித்தது. 1770இல் அவரோ எவர் இசைவுமின்றிக் கீழ்க்கரை முழுவதும் மன்னருக்கு உரியதென அறிவித்தார். பின்னர், அஃது எவருக்கும் உரியதல்லாத நிலமெனச் சட்டம் புனைந்துகொண்டது. கரையிலே மனிதர் நின்றதைக் கண்ட பின்னர் செய்த புனைவு இது!

டொறஸ் நீரிணையிலே மேர் என்றொரு சிறு தீவு. எல்லை வகுத்துத் தோட்டஞ் செய்து, தலைமுறை தலைமுறையாக நிலத்தை ஆண்டவர்கள் அத்தீவினர். 1879இல் அது குவீன்ஸ்லாந்துடன் இணைக்கப்பட்டது. 1982இல் அத்தீவின் மைந்தர் எடி மாபோவும் வேறு சிலரும் தம் காணியுரிமையை நிலைநாட்ட வழக்குத் தொடுத்தனர். 1992 யூன் 3இல் உயர் நீதிமன்றம் மேர் மக்களின் உரிமையை ஏற்றது. உரியவரற்ற நிலம் என்ற பொய் வீழ்ந்தது. அதனைக் கேட்க மாபோ உயிரோடில்லை. அவ்வாண்டு சனவரியிலேயே மறைந்துவிட்டார்.

எனினும், ஒன்றைக் கவனியுங்கள். காணியுரிமையை ஏற்ற அம்மன்றம், முடியின் ஆட்சியுரிமை முறையாக வந்ததா என்பதைத் தான் விசாரிக்க இயலாதென்றது. பிடித்தவர் நிறுவிய மன்றிலே, பிடித்தது சரியா என வழக்காட வழியில்லை.

"வீதி அமைத்தனர், பள்ளி கட்டினர்" என்பர் சிலர். கமக்காரப் பெருமக்களைக் கேட்கிறேன்: அயலான் உங்கள் வேலியைப் பிரித்து உள்ளே வந்து, கிணறு வெட்டி, வாழை நட்டால், காணி அவனதாகுமா? கிணற்றுக்கு விலை பேசலாம். உறுதி எழுதிக் கொடுப்பீர்களா?

பத்தாண்டு தடையற்ற ஆட்சி உரிமை தருமே என்று சட்டமறிந்த நண்பர் கூறலாம். உண்மை. ஆனால், உடையவனின் வாயைத் துவக்கினால் அடைத்துவிட்டு, அவன் தடை சொல்லவில்லை என்பது நியாயமாகுமா?

வென்றவனுக்கே நாடு என்பது ஒருகாலத்துச் சர்வதேசச் சட்டம். 1960 டிசெம்பர் 14இல் ஐக்கிய நாடுகள் பொதுச்சபை, தம் அரசியல் நிலையைத் தாமே தீர்மானிக்கும் உரிமை எல்லா மக்களுக்கும் உண்டெனப் பிரகடனஞ் செய்தது.

ஆகவே, ஆண்டவர் நன்மை செய்தனரா என்பது இரண்டாம் வினா. ஆளப்பட்டோர் இசைந்தனரா என்பதே முதல் வினா. அதற்கு விடையில்லாத ஆட்சி எத்துணைக் காலம் நிலைத்தாலும் பலமே அன்றி உரிமை ஆகாது.