ஆப்பரேஷனுக்குப் பிறகு வரும் கால்வலி
(பங்காளர் கூடுகையில் ஆற்றிய உரை)



"இடுப்பு மூட்டு மாற்றும் ஆப்பரேஷனுக்குத்தான் முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டம் இருக்கிறதே, எங்கள் காணிக்கை ஏன் வாக்கருக்கும் பஸ் செலவுக்கும் போகிறது?" என்று உங்களில் சிலர் கேட்டிருக்கிறீர்கள். நியாயமான கேள்விதான். இன்று அதைப்பற்றியே பேச விரும்புகிறோம்.

தொடை எலும்பின் மேல்முனை ஒரு பந்து. இடுப்பெலும்பில் அதற்கு ஒரு கிண்ணம். முதியவர்கள் வழுக்கி விழுந்தால் பந்துக்குக் கீழுள்ள கழுத்து முறிகிறது. வாலிபருக்கோ, குடியினாலோ, ஸ்டீராய்டு மருந்தை நெடுநாள் சாப்பிட்டதாலோ ரத்த ஓட்டம் நின்று பந்தே சிதைந்துபோவதுண்டு. இங்கிலாந்தில் டாக்டர் ஜான் சார்ன்லி 1962-இல் உலோகப் பந்தும் பிளாஸ்டிக் கிண்ணமும் வைத்துக் காட்டிய வழியைத்தான் இன்றும் உலகெங்கும் பின்பற்றுகிறார்கள். மூட்டு மாறிவிடுகிறது. தசை மாறுவதில்லை. துன்பம் அங்கேதான்.

பல வருஷம் நொண்டி நடந்தவரின் இடுப்புப் பக்கத்துத் தசைகள் வேலையின்றி மெலிந்திருக்கும். புது மூட்டு வந்த மறுநாளே அவை உடம்பின் பாரத்தைச் சுமக்கவேண்டும். அதனால் தொடை கடுக்கிறது, கெண்டைக்கால் இழுக்கிறது, முழங்காலில் ஒன்றும் இல்லாதபோதே அங்கும் வலிக்கிறது. இடுப்புக்குப் போகும் நரம்புகளே முழங்காலுக்கும் போகின்றன. காலையில் எழுந்து வைக்கும் முதல் நாலு அடி மிகவும் கடினம். சிலருக்குக் கால் நீண்டுவிட்டதுபோலத் தோன்றும். பெரும்பாலும் சில மாதங்களில் சரியாகும். நெடுநாள் வீட்டிலிருந்தவர் களைவெட்டப் போன முதல் நாள் உடம்பெல்லாம் வலிக்கிறதல்லவா, அந்த வகை வலி இது.

ஆனால் வீட்டாருக்கு அது தெரிவதில்லை. "மூட்டு கழன்றுபோயிற்று போலிருக்கிறது, நடக்காதே, படு" என்கிறார்கள். அன்பினால் சொல்வதுதான். படுத்தால் தசை இன்னும் மெலியும். மெலிந்தால் அடுத்தமுறை இன்னும் வலிக்கும். இப்படியே நல்ல மூட்டோடு கட்டிலோடு தங்கிவிடுகிறவர்கள் உண்டு.

எல்லா வலியும் பொறுக்கத்தக்கது என்றும் எண்ணவேண்டாம். ஒரு கெண்டைக்கால் மட்டும் வீங்கிச் சூடாக வலித்தால் ரத்தம் உறைந்திருக்கலாம். எண்ணெய் தடவி நீவவே கூடாது. திடீரென்று தாங்கமுடியாத வலி வந்து கால் குட்டையாகித் திரும்பிக்கொண்டாலும், மூச்சுத் திணறினாலும், காய்ச்சலோடு தையலில் சீழ் வடிந்தாலும் அன்றே ஆஸ்பத்திரிக்கு வரவேண்டும்.

நம் பெரம்பலூர், அரியலூர்ப் பக்கத்து வேலையை நினைத்துப் பாருங்கள். சின்ன வெங்காயம் நடுவது, களையெடுப்பது, தாள் அரிவது எல்லாம் குந்தி உட்கார்ந்துதான். ஆண்டிமடம், செந்துறைப் பக்கம் முந்திரிக்கொட்டை உடைப்பதும் தரையில்தான். புது மூட்டுக்குக் குந்துவது ஆகாது. தரையில் சம்மணமும், கால்மேல் கால் போடுவதும் ஆகாது. அப்படியானால் வெளிக்குப் போவது எங்கே? கமோடு நாற்காலி இல்லாத வீட்டில் அந்தத் தாயார் வெட்கப்பட்டுத் தண்ணீர் குடிப்பதையே குறைத்துக்கொள்கிறார். வாக்கர், உயர நாற்காலி, கமோடு, பரிசோதனைக்கு வந்துபோக பஸ் செலவு ஆகிய இவற்றுக்கே உங்கள் காணிக்கை போகிறது. சிறிய காரியங்கள், ஆனால் ஆப்பரேஷன் பலிப்பது இவற்றில்தான் இருக்கிறது.

நடை பழக்குவதிலும் சொல்லித்தர நிறைய உண்டு. கைத்தடியை வலிக்கிற பக்கமே பிடிக்கிறார்கள். மறுபக்கக் கையில் பிடித்தால்தான் இடுப்பின் பாரம் குறையும். பஸ்ஸில் ஏறும்போது நல்ல கால் முதலில், இறங்கும்போது ஆப்பரேஷன் செய்த கால் முதலில். 2021 முதல் "மக்களைத் தேடி மருத்துவம்" திட்டத்தில் பிசியோதெரபிஸ்ட் வீட்டுக்கே வருகிறார். அவர்களைக் கேட்கும்படி நாங்களே சொல்லி அனுப்புகிறோம்.

வேலூரில் டாக்டர் மேரி வர்கீஸ் 1954-இல் விபத்தில் இரு கால்களும் செயலிழந்தும், சக்கர நாற்காலியில் இருந்தபடியே தொழுநோயாளரின் கைகளுக்கு ஆப்பரேஷன் செய்தார். 1966-இல் அங்கே மறுவாழ்வு நிலையம் உருவானதும் அவர் உழைப்பால்தான். கத்தி வைத்ததோடு மருத்துவம் முடியவில்லை என்று அவருக்கு யாரும் சொல்லவேண்டியிருக்கவில்லை.

ஆதியாகமம் 32-ஆம் அதிகாரத்தில் யாக்கோபின் தொடைச்சந்து சுளுக்கியதை நீங்கள் அறிவீர்கள். பொழுது விடிந்தபோது அவர் நொண்டிக்கொண்டே தன் வழியைக் கடந்தார். எங்கள் வார்டில் இதை வாசித்தால் நோயாளிகளிடம் ஒரு சிரிப்பு எழும்பும்.

ஒருவர் நடக்கத் தேறியபின் அவருடைய வாக்கர் அடுத்தவருக்குப் போகிறது. உங்கள் வீட்டில் பரண்மேல் ஒன்று சும்மா கிடந்தால் அடுத்த கூடுகைக்குக் கொண்டுவாருங்கள். அடிரப்பர் தேய்ந்திருந்தாலும் பரவாயில்லை, நாங்கள் மாற்றிக்கொள்வோம்.