தரம் அறிவது எந்த அறிவு?

(முன்னாள் மாணவர் சங்கக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



"புத்திசாலி மட்டமான சாமான் வாங்க மாட்டான்" என்று நம்மில் பலருக்கு ஒரு நம்பிக்கை. விலை கூடிய பேனாவும் பெயர் பெற்ற சட்டையும் நம் மூளைக்குக் கிடைத்த சான்றிதழ் என்கிற நினைப்பு. பட்டம் வாங்கினவங்களுக்கு இது கொஞ்சம் அதிகம், கோபித்துக்கொள்ள வேண்டாம்.

அமெரிக்காவில் 2015-ல் நான்கு பொருளாதார அறிஞர்கள் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். தலைவலி மாத்திரை வாங்கும்போது சராசரி மக்கள் 100-க்கு 26 முறை பெயர் பெற்ற கம்பெனியின் மாத்திரையை எடுத்தார்கள். மருந்தாளுநர்களோ 9 முறைதான். உள்ளே இருக்கிற மருந்து ஒன்றே, அட்டைதான் வேறு என்பது அவர்களுக்குத் தெரியும். உப்பு, சர்க்கரை விஷயத்தில் சமையல் தொழிலில் இருப்பவர்களும் ஏறக்குறைய இப்படியே. பொதுவான மூளைக் கூர்மையைவிட, அந்தந்தப் பொருளோடு பழகின பழக்கம்தான் இங்கே பேசுகிறது என்பது என் கட்சி.

நம்ம காஞ்சிபுரம் பட்டையே எடுத்துக்குங்க. கோர்வைச் சேலையில் உடலுக்கும் கரைகளுக்கும் தனித்தனி நாடா. மூன்று நாடா ஓட்டி, இழைக்கு இழை கோத்து நெய்ய வேண்டும். தறியில் பெரும்பாலும் இரண்டு பேர் உட்கார வேண்டும். எழுதப் படிக்கத் தெரியாத பாட்டி சேலையைப் புரட்டி, கரை சேருகிற இடத்தைத் தடவிப் பார்த்து, "இது கோர்வைதான்டி" என்று சொல்லிவிடுவாள். உதிர்ந்த இழை ஒன்றைக் கொளுத்திப் பார்ப்பாள். பட்டு என்றால் முடி கருகுகிற வாடை வரும், சாம்பல் விரலில் பொடியாகும். பாலியஸ்டர் உருகி உருண்டையாகும். பொறியியல் படித்த பேரன் விலைச் சீட்டைப் பார்ப்பான்!

சிரிக்கிறீர்கள். ஆனால் இதில் ஒரு தொழிலின் உயிர் இருக்கிறது. 2001-ல் நோபல் பரிசு பெற்ற அக்கர்லாஃப், 1970-லேயே பழைய கார் சந்தையை வைத்து இதை விளக்கினார். நல்லது கெட்டது தெரியாதவன் எல்லாவற்றுக்கும் நடுத்தர விலைதான் கொடுப்பான். அந்த விலை நல்ல சரக்கு வைத்திருப்பவனுக்குக் கட்டாது. அவன் சந்தையை விட்டே போய்விடுவான். விசைத்தறிச் சேலை 'கைத்தறி' என்ற பெயரில் குறைந்த விலைக்குப் போனால், கோர்வைத் தறியில் இரண்டு பேருக்குக் கூலி கொடுக்கிறவர் என்ன செய்வார்? கைத்தறிக்கு ரகங்களை ஒதுக்கி 1985-லேயே சட்டம் வந்தது. சட்டம் வந்து சேலையைப் புரட்டிப் பார்க்குமா?

அடுத்த கல்யாணத்துக்குப் பட்டு எடுக்கப் போகும்போது, மாணவர்களே, பாட்டியையும் கூட்டிக்கொண்டு போங்கள். பின்பக்கத்தைக் காட்டச் சொல்லுங்கள். கடைக்காரர் முகம் சுளித்தால் அடுத்த கடை இருக்கவே இருக்கிறது.