வெள்ளம் வருமுன் ஒரு விண்ணப்பம்



நான் வாழும் ஊர் மணலி புதுநகர். கொசஸ்தலையாறு எண்ணூர்க் கழிமுகத்தை நாடிச் செல்லும் வழியில், தாழ்ந்த நிலத்தில் அமைந்த ஊர் அது. மேற்கே பூண்டி நீர்த்தேக்கம் நிரம்பித் திறந்துவிடப்பட்டால், அந்த நீர் தாமரைப்பாக்கம், வல்லூர் அணைக்கட்டுகளைக் கடந்து எங்கள் பக்கமாகவே கடலுக்குச் செல்லவேண்டும். 2015, 2021, 2023 ஆகிய ஆண்டுகளில் அது எங்கள் வாயிற்படிகளைத் தாண்டியே சென்றது.

வெள்ளத்தின் கொடுமையை நீங்கள் அறிவீர்கள். வெள்ளம் வருமுன் அரசாங்கம் ஒதுக்கும் பணத்தைப் பற்றியும், அதுபற்றிய செய்தி மக்களிடம் வந்து சேரும் வழியைப் பற்றியுமே இன்று சில சொல்ல விரும்புகிறேன்.

நிவாரணம் வேறு, முன்னேற்பாடு வேறு. நனைந்த பின் தரும் துணி நிவாரணம். மழைக்கு முன் தரும் குடை முன்னேற்பாடு. 2005ஆம் ஆண்டின் பேரிடர் மேலாண்மைச் சட்டம் இரண்டுக்கும் தனித்தனி நிதிகளை வகுத்திருக்கிறது. பதினைந்தாவது நிதிக்குழு, மாநிலங்களின் பேரிடர் நிதியில் நூற்றுக்கு 80 பங்கை மீட்புக்கும் நிவாரணத்துக்கும், 20 பங்கை இடரைத் தணிக்கும் பணிகளுக்கும் பிரித்தது. 2023 டிசம்பரில், சென்னைப் படுகையின் வெள்ளத் தணிப்புக்கென 561.29 கோடி ரூபாய்த் திட்டத்துக்கு மத்திய அரசு ஒப்புதல் அளித்தது. ஆகவே, முன்னேற்பாட்டுக்கு நிதியே இல்லை என்று எவரும் சொல்வதற்கில்லை.

ஆயினும் இந்தப் பணம் தனி மனிதர் கையில் தரப்படுவதன்று. மாவட்டமும் உள்ளாட்சி மன்றமும் வகுக்கும் திட்டத்தில் எந்தத் தெருவின் தேவை எழுதப்படுகிறதோ, அந்தத் தெருவுக்கே அது கால்வாயாகவும் படகாகவும் தங்குமிடமாகவும் வந்து சேரும். தேவையை எழுதிக் கேட்டவன் பெறுவான். கேட்கத் தெரியாதவன் வெள்ளத்தில் நிற்பான். கேட்கத் தெரியாமை அவன் குற்றமா? இங்கே என் குற்றம் ஒன்றை உங்களிடம் ஒப்புக்கொள்ள வேண்டும்.

2021ஆம் ஆண்டின் மழைக்காலத்துக்கு முன், ஓர் அலுவலகத்தின் அறிவிப்புப் பலகையில் ஒரு தாளைக் கண்டேன். வெள்ள அபாயமுள்ள பகுதியினர் தங்கள் தேவைகளை எழுதித் தரலாம் என்று அதில் கண்டிருந்தது. எழுத்து சிறியது, நடை கடினம். ஆசிரியப் பயிற்சி பெற்றவனாதலின் எனக்குப் பொருள் விளங்கிற்று. எங்கள் தெருவுக்காக ஒரு விண்ணப்பம் எழுதிக் கொடுத்தேன். திருப்தியோடு வீடு திரும்பினேன். பின்தெருவில் வாடகைக்கு இருந்த தொழிலாளர் குடும்பங்களிடம் அதைச் சொல்லவேண்டும் என்று எனக்குத் தோன்றவே இல்லை.

நவம்பரில் வெள்ளம் வந்தது. நீர் வடிந்தபின், பின்தெரு அம்மையார் ஒருவர், நனைந்து கூழான குடும்ப அட்டையையும் மகளின் பள்ளிச் சான்றிதழையும் கொண்டுவந்து என் திண்ணையில் வைத்தார். நடந்ததைக் கேட்டறிந்த அவர், "ஐயா, நீங்கள் படித்தீர்களே, எங்களுக்கும் ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா?" என்றார். முப்பத்தைந்து ஆண்டுகள் பிறருக்கு எழுத்தறிவித்த எனக்கு அன்று மறுமொழி கிடைக்கவில்லை.

அன்று முதல் நான் சிந்தித்தது இதுதான். சுவரில் ஒட்டியதோடு அறிவிப்பு முடிந்துவிடுவதில்லை. கேட்கவேண்டியவன் காதில் விழுந்தபோதே அது முழுமை பெறும். இது என் கற்பனை அன்று. தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் 4ஆம் பிரிவு, அரசாங்கத் தகவலை அந்தந்த வட்டார மொழியில், அந்த வட்டாரத்துக்கு மிகவும் ஏற்ற முறையில் பரப்பவேண்டும் என்று கூறுகிறது. எங்கள் வட்டாரத்துக்கு ஏற்ற முறை எது? ஆலைகளில் மாறிமாறி வேலைக்குச் செல்வோர் வாழும் ஊரில், பகல் பதினோரு மணிக்குக் கூட்டம் கூட்டிப் பயனில்லை. மாலையில் கூட்டவேண்டும், மழைக்குச் சில மாதங்களுக்கு முன்பே கூட்டவேண்டும். எண்ணூர்க் கரையில் மீனவர் கடலிலிருந்து திரும்பும் நேரம் பார்த்துச் சொல்லவேண்டும். வெளிமாநிலத் தொழிலாளர்க்கு அவர்கள் மொழியிலும் சொல்லவேண்டும்.

இதற்குப் புதிய வழி வேண்டுவதில்லை. மிக்ஜாம் புயலுக்குப் பின், 2023 டிசம்பரில், குடும்பம் ஒன்றுக்கு 6,000 ரூபாய் நியாயவிலைக் கடைகள் மூலம் வழங்கப்பட்டது. அதற்கான டோக்கன் வீடு வீடாக வந்தது. வெள்ளத்துக்குப் பின் பணத்தைக் கொண்டுவரும் வழி, வெள்ளத்துக்கு முன் ஒரு செய்தியைக் கொண்டுவர இயலாதா? அத்துடன் விண்ணப்பப் படிவம் ஒரு பக்கத்தில் அடங்கவேண்டும். ஆவணம் நனைந்துபோனவனிடம் ஆவணம் கேட்டுத் திருப்பியனுப்புதல் ஆகாது. பெற்ற விண்ணப்பத்துக்கு எண்ணிட்ட ரசீதும், மறுத்தால் அதற்குரிய காரணமும் தரவேண்டும்.

மாணவர்களே, அரசாங்கத்துக்கு மட்டும் சொல்லி அமைவது நேர்மையாகாது. உங்களால் இயல்வன சில உண்டு. 2022இல் எங்கள் பகுதிப் பிள்ளைகள் சிலர் ஒரு நோட்டுப் புத்தகமும் அளவு நாடாவும் எடுத்துக்கொண்டு புறப்பட்டனர். முந்தைய வெள்ளம் ஒவ்வொரு வீட்டுச் சுவரிலும் விட்டுச்சென்ற கறையின் உயரத்தைக் குறித்தனர். நடக்க இயலாத முதியோர், கைக்குழந்தைகள் எத்தனை பேர் என்று எண்ணினர். "எங்கள் தெருவில் மிகுந்த துன்பம்" என்று எழுதுவதைவிட, "பன்னிரண்டு வீடுகளில் இடுப்பளவு நீர், நான்கு முதியோர்" என்று எழுதுவது ஆயிரம் மடங்கு வலிமை உடையது. அந்தக் கணக்கோடு இரு தெருக்களுக்கும் சேர்த்து ஒரே விண்ணப்பம் எழுதினோம். ஓர் அதிகாரி வந்து பார்த்தார், குறித்துக்கொண்டார்.

கால்வாய்ப் பணி முடியுமுன் 2023இன் வெள்ளம் வந்துவிட்டது. ஆனால் இம்முறை, எச்சரிக்கை வந்தவுடன் பிள்ளைகள் பின்தெருவின் ஒவ்வொரு கதவையும் தட்டினர். அந்த அம்மையார் ஆவணங்களைப் பிளாஸ்டிக் உறையிலிட்டுப் பரண்மேல் வைத்துவிட்டு, மகளோடு எங்கள் மாடிக்கு வந்து சேர்ந்தார். வீட்டுச் சாமான்கள் போயின, சான்றிதழ் பிழைத்தது.

நீங்கள் நாளை அலுவலர்களாகவும் ஆசிரியர்களாகவும் வருவீர்கள். ஓர் அறிவிப்பில் கையொப்பமிடும்போது, இதைப் படிக்க இயலாதவரிடம் யார் சொல்வார் என்று ஒரு கணம் எண்ணிப் பாருங்கள். அதுவரை, படிக்கத் தெரிந்த நீங்களே அவர்களிடம் சென்று சொல்லுங்கள்.